மலையகத்தாரின் இசைக் கேள்வி: இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் பண்பாடு பற்றி எழுந்த கட்டுரைகளில் ஒரு கருத்து ஏறத்தாழ மரபாகவே நிலைபெற்றுள்ளது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் தம்முடன் கொணர்ந்த தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் தோட்டத்து வாழ்வோடு கலந்து செழித்தன என்றும், பின்னர் கிராமபோனும் வானொலியும் சினிமாவும் புகுந்து அவற்றை நலியச் செய்தன என்றும் அக்கருத்துக் கூறும். இதனை முற்றாக மறுப்பது எமது நோக்கமன்று. ஆயினும் இக்கூற்றில் தோட்டத்து மக்கள் பாடுவோராக மட்டுமே தோன்றுகின்றனர். கேட்போராக வரும்பொழுது அவர்கள் ஏமாற்றப்பட்டவர்களாகவே சித்திரிக்கப்படுகின்றனர். அவர்கள் எவற்றைக் கேட்டனர், எந்நிலையில் கேட்டனர், கேட்டதைக் கொண்டு யாது செய்தனர் என்பன விரிவாக ஆராயப்பட்டில. இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்ப முயல்கின்றது.

தமிழ் மரபில் கேட்டல் என்பது செயலற்ற நிலையன்று. கல்வியோடு கேள்வியையும் இணைத்துக் கூறுவது நம் வழக்கு. திருக்குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. கற்கும் வாய்ப்பற்றவனுக்கும் கேள்வி துணையாகும் என்பது அவ்வைப்பு முறையினால் பெறப்படும் கருத்து. நீண்டகாலம் முறையான பாடசாலைக் கல்வி மறுக்கப்பட்டிருந்த தோட்டத்துச் சமூகத்தில், செவிவழி அறிவு பெற்ற இடம் பெரிது. பதிவுசெய்யப்பட்ட இசையை அம்மக்கள் நாடகப் பாட்டு, கீர்த்தனை, சினிமாப் பாட்டு, இந்திப் பாட்டு, பைலா என்ற வேறுபாடின்றித் தேடிக் கேட்டமையும் அக்கேள்வியின் ஒரு கூறே என்பது எமது துணிபு. அதனை நாட்டார் இசையின் பகை என ஒதுக்கிவிட்டு மலையகத்தின் இசை வரலாற்றை எழுதுதல் இயலாது.

இசைத்தட்டின் எல்லை

இந்தியாவில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் அவ்வாண்டு அங்கு வந்து பாடல்களைப் பதிந்து சென்றார். 1908இல் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதும் தட்டுகள் பெருகின. இலங்கை மலைநாட்டிலோ இருப்புப்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியிருந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட அப்பாதை, அரிசியோடும் துணியோடும் இத்தகைய புதுப் பொருள்களையும் மேலே கொண்டுவரும் வழியாயிற்று. பெட்டியும் தட்டும் விலை மிக்கவை. நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு அவை உடைமையாதல் அரிது. நகரத்துக் கடைத் தெருவிலும் வசதி படைத்த பெரிய கங்காணியின் வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலித்ததே அவன் செவிக்கு எட்டியது. உடைமை இன்றியே சுவைஞராதல் என்னும் நிலை மலையகத்துக் கேட்போரின் முதற் பண்பு எனலாம்.

அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். இவ்வளவு சிறிய கால எல்லைக்குள் அடங்கக்கூடிய வடிவங்களே தட்டில் ஏறின. நாடக மேடைப் பாட்டு அதற்கு இயல்பாகப் பொருந்தியது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களின் நடுப்பகுதியில் இணைந்து நடிக்கத் தொடங்கிய மேடை இலங்கையிலேயே அமைந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1933இல் கிட்டப்பா இளவயதில் மறைந்த பின்னரும் அவர் குரல் தட்டுகளில் நிலைத்தது. 1931இல் தமிழ்ப் பேசும்படம் தோன்றியது. பின்னர் எம். கே. தியாகராஜ பாகவதரின் பாடல்கள், சிறப்பாக 1944இல் வெளிவந்த ஹரிதாஸ் படத்துப் பாடல்கள், தட்டின் வழி கடல் கடந்தன. கர்நாடக இசைக் கீர்த்தனைகளும் சுருக்கப்பட்ட வடிவில் இவற்றோடு சேர்ந்தே வந்தன. ஆகவே சென்னைச் சபாவின் வாயிலை ஒருபோதும் மிதித்திராத கேட்போனுக்கும் அச்சபையின் இசை ஓரளவு அறிமுகமாயிற்று.

இனி, தட்டில் ஏறாதவற்றை நோக்குவோம். மாசி மாதத்தில் நடைபெறும் காமன் கூத்தில் ரதி மன்மதன் கதை நாட்கணக்கில் விரிந்து, இறுதியில் விடிய விடிய ஆடப்படும். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் அவ்வாறே இராப்பொழுதை வேண்டுவன. மூன்று நிமிடத் தட்டு இவற்றை ஏற்றல் இயலாது. ஒப்பாரியின் நிலை இன்னும் நுட்பமானது. சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்பது மக்கள் நம்பிக்கை. தாலாட்டுக்குக் குழந்தை வேண்டும். கொழுந்து பறிக்கும்போது எழும் பாட்டுக்கு மலை வேண்டும். சூழலினின்றும் பிரித்தெடுத்து வேண்டியபோது பாடுதற்குரியனவாக இவை அமையவில்லை. ஆதலின் இசைத்தட்டு மலையகத்தின் சொந்த இசையை எதிர்த்து நின்று வென்றது என்பதினும், அவ்விசையைத் தொடவேயில்லை என்பதே பொருந்தும். கேட்போனின் செவியில் இரண்டும் அருகருகே வாழ்ந்தன.

மெட்டின் இடப்பெயர்ச்சி

அருகருகே வாழ்ந்தவை ஒன்றையொன்று பாதியாது இருந்தில. அக்காலத்தில் அச்சான பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இன்ன பாடலின் மெட்டு எனக் குறிப்பிடுதல் வழக்கமாயிருந்தது. இசைக் குறியீடு அறியாத வாசகனுக்கும் அக்குறிப்பு ஒன்றே போதும். மெட்டு அவன் காதில் ஏற்கனவே இருந்தது. நாடகமும் தட்டும் படமும் பரப்பிய மெட்டுகள், எழுத்தறிவு குறைந்த மக்களிடையே புதுச் சொற்களைக் கொண்டுசெல்லும் ஊர்திகளாயின.

மலையகத்தின் அரசியல் வரலாற்றில் இதன் பயனைக் காண்கின்றோம். கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிற்சங்க மேடைகளில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். இலங்கை வாழ் இந்தியரின் நிலையை எடுத்துரைக்கும் அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. நீண்ட சொற்பொழிவைக் காட்டிலும் பாட்டு தோட்டத்துக்குள் எளிதிற் புகும். துரையின் அனுமதியின்றிக் கூட்டம் கூடல் அரிதாயிருந்த காலத்தில் பாட்டுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. கேட்டவர் வாயில் அது அடுத்த மலைக்குச் சென்றுவிடும்.

இதற்கு ஒத்த நிகழ்ச்சி ஒன்று கடலுக்கு அப்பாலும் உண்டு. 1958ஆம் ஆண்டில் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் நடைபெற்ற இடைத்தேர்தலின்போது, பாவலர் வரதராஜன் அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடினார். அவரும் மக்கள் நன்கறிந்த மெட்டுகளையே பயன்கொண்டார். அவருடைய தம்பியே பின்னாளில் தமிழ்த் திரையிசையின் போக்கை மாற்றிய இளையராஜா ஆவார். தோட்டத்து மேடையும் திரையிசையும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல என்பதற்கு இத்தொடர்பு தக்க சான்றாகும்.

மெட்டு கடன் வாங்கப்பட்டமையால் பாட்டின் தூய்மை கெட்டது என்பார் உளர். தூய்மை என்பது யாது என அவர்களை வினாவுதல் தகும். தமிழகத்தில் காமன் பண்டிகையோடு இணைந்து, மன்மதன் எரிந்தான் எனவும் எரியவில்லை எனவும் இரு கட்சியாய் நின்று வாதிட்டுப் பாடப்படும் லாவணி மராத்திய நாட்டு வடிவமாகும். தஞ்சை மராத்தியர் ஆட்சியின் வழி அது தமிழில் வேரூன்றியது. நாடக மேடையின் ஆர்மோனியம் ஐரோப்பியக் கருவி. மேடை மெட்டுகளிற் பல பார்சி நாடகக் குழுக்களின் வழி வந்த இந்துஸ்தானி மெட்டுகள். நாட்டார் மரபு எனப் போற்றப்படுவதன் உள்ளேயே இத்துணைக் கலப்பு இருக்க, இசைத்தட்டின் மெட்டை மட்டும் மாசு எனக் கொள்வது வரலாற்று நோக்குக்குப் பொருந்தாது.

லயத்துச் சுவரும் வானொலியும்

கொழும்பில் 1925ஆம் ஆண்டிலேயே வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் அது இலங்கை வானொலியாக உருப்பெற்றது. 1967இல் கூட்டுத்தாபனமாகியது. 1952இல் இந்தியாவில் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. அதனால் இந்தியக் கேட்போர் கொழும்பின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும். தமிழில் எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பெயர் பெற்றது.

இதே ஆண்டுகளில் மலையகத்தில் நிகழ்ந்தது யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் அவர்களிடமிருந்து பறிபோயிற்று. கொழும்புத் தமிழ் ஒலிபரப்பு உச்ச நிலையை எய்திய காலமும் தோட்டத் தமிழரின் அரசியற் குரல் அடங்கிய காலமும் ஒன்றாயிருந்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. வாக்காளர் இடாப்பில் இடம் பெறாத மக்கள், வானொலியைக் கேட்போராக எண்ணப்பட்டனர். நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாட்டோடு நேயரின் பெயரும் ஊரும் வாசிக்கப்படுவது வழக்கம். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்தின் வழியே வந்து சேரும். அத்தகைய ஒருவரின் பெயரையும் அவர் வாழும் தோட்டத்தின் பெயரையும் நாடு முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் சொல்லியபோது, அது பாட்டைக் கேட்ட மகிழ்ச்சி மட்டுமாய் இருந்திராது. திறனாய்வாளர் பலர் நேயர் விருப்பத்தைப் பொழுதுபோக்கு என்ற அளவில் விட்டுவிடுவர். நாம் அதனை ஒரு சமூக ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்கின்றோம்.

வானொலி கேட்கப்பட்ட இடமும் கருதத்தக்கது. லயத்துக் காம்பரா ஒன்றின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி எனப் பொதுவாகக் குறிப்பிடப்படும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகவும், இரட்டை லயமாயின் முதுகோடு முதுகாகவும், குடும்பங்கள் வாழும். ஒரு காம்பராவில் ஒலிக்கும் வானொலியை அடுத்த காம்பரா கேளாதிருத்தல் அரிது. மேலை நாடுகளில் இசைத்தட்டுச் சுவைஞன் எனில், தன் அறையில் தனித்திருந்து தட்டுகளைத் தெரிந்தெடுத்துக் கேட்பவன் எனும் படிமமே எழுகின்றது. தோட்டத்துச் சுவைஞனுக்கு அத்தனிமை வாய்த்ததில்லை. பேட்டரியில் இயங்கும் சிறு வானொலி ஒன்று பல குடும்பங்களுக்குரிய பொதுச் செவியாயிற்று. தெரிவும் பொதுவாகவே நிகழ்ந்தது. முதியவர் பக்திப் பாட்டை நாடுவர். இளைஞர் இந்திப் பாட்டுக்கு அலைவரிசையைத் திருப்புவர். பெண்கள் கொழுந்து மலையினின்று மீண்டு அடுப்பு மூட்டும்போது எது ஒலிக்கின்றதோ அதையே கேட்பர். பல்வகை இசையையும் அறிந்த செவி இவ்வாறு அமைந்தது. இடநெருக்கடியின் கொடுமையை இதனால் நாம் அழகுபடுத்த முற்படவில்லை. அந்நெருக்கடியினுள்ளும் ஒரு சுவைப் பயிற்சி நிகழ்ந்தது என்பதையே சுட்டுகின்றோம்.

மொழி கடந்த செவி

இலங்கை வானொலியின் வழி மலையகத்துக்குச் சிங்கள இசையும் வந்து சேர்ந்தது. அவ்விசையைத் தமிழர்க்கு முற்றிலும் அயலானது எனக் கொள்வோர் சில உண்மைகளை எண்ணிப் பார்த்தல் நன்று. சிங்களத் திரையிசையின் முதன்மைப் பாடகியாக விளங்கிய ருக்மணி தேவி, 1923இல் நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் கொழும்புச் செட்டிக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். பௌத்த பக்திப் பாடல்களாலும் திரைப்பாடல்களாலும் பெயர் பெற்ற மொகிதீன் பேக் சேலத்திலிருந்து வந்தவர். சிங்களத் திரைப்படங்கள் பலவற்றுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமி நாகர்கோவிலிற் பிறந்தவர். அதற்கு முன்னரே ஜோன் த சில்வாவின் நூர்த்தி நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவினின்றும் விசுவநாத் லவ்ஜி அழைக்கப்பட்டிருந்தார். சிங்கள நூர்த்திக்கும் தமிழ் நாடக மேடைக்கும் பார்சி நாடகமே பொது ஊற்றாக அமைந்தமையால், இரண்டினையும் கேட்ட செவிக்கு அவற்றின் உறவு விளங்காதிருத்தல் இயலாது. அரசியல் பிரித்து வைத்த இரு மக்களின் இசை, பதிவுக் கூடத்தில் ஒரே மேசையின் மேல் ஆக்கப்பட்டது எனலாம்.

பைலாவும் இவ்வாறே. போர்த்துக்கேயர், காப்பிரியர் ஆகியோரின் ஆடல் மரபிலிருந்து வந்த அதனை 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் பரவலாக்கினார். அதன் ஆறெட்டுத் தாளத்துள்ளல் தமிழிலும் புகுந்து, 1970களில் பொப் எனவும் துள்ளிசை எனவும் வழங்கிய பாடல்களாய் வெளிப்பட்டது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் ஈழத்துத் தமிழ்ப் பேச்சு வழக்கைத் துணிந்து கையாண்டன. மனோகரன் புகழ் பெறச் செய்த சுராங்கனி 1977இல் தமிழகத் திரைப்படமொன்றிலும் இடம் பெற்றது. சென்னையினின்றும் இசை வந்துகொண்டிருந்த கடல் வழியில், ஒருமுறை இங்கிருந்தும் இசை சென்றது. எனினும் அத்துள்ளிசையில் ஒலித்தது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தினதும் கொழும்பினதும் பேச்சே. தோட்டத்தின் பேச்சு வழக்கும், பெரட்டு, கொழுந்து, கங்காணி என்னும் அதன் சொல்லுலகமும் தட்டில் ஏறக் காத்திருந்தன. கேட்கும் உரிமை எல்லை கடந்து விரிந்த மக்களுக்குக் கேட்கப்படும் உரிமை அவ்வாறு விரியவில்லை. மலையகத்து இசைக் கேள்வியின் அடிப்படைக் குறைபாடு இதுவே ஆகும். கேட்டமை அன்று அம்மக்களின் குறை. அவர்தம் பாட்டைப் பிறர் கேளாமையே குறை.

நலிவின் காரணங்கள்

இனித் தொடக்கத்திற் சுட்டிய கூற்றுக்கு மீள்வோம். நாட்டார் இசை நலிந்தது உண்மை. ஆயின் பழியை இசைத்தட்டின் மேல் ஏற்றுவது எவ்வளவு பொருந்தும்? 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரின் எதிர்காலத்தை இரு அரசுகளுக்கிடையே பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவற்றின் விளைவாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரின் வழியே கடல் கடந்தனர். காமன் கூத்துக்கு ரதியும் மதனும் மட்டும் போதா. வாத்தியாரும் பின்பாட்டுக்காரரும் தப்படிப்போரும் பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து அவர்களிற் சிலர் நீலகிரிக்கு அனுப்பப்பட்டால் கூத்து அங்கும் இல்லை, இங்கும் இல்லை. கூட்டத்தைச் சார்ந்த கலை கூட்டம் சிதையச் சிதைந்தது. ஒப்பந்தம் செய்த அழிவைத் தட்டின் கணக்கில் எழுதுதல் முறையன்று.

தப்பின் நிலை மற்றொரு சான்று. தப்பு கூத்துக்கும் சாவுக்கும் உரிய கருவியாய் மட்டும் இருக்கவில்லை. விடியற் காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பவும் அது அடிக்கப்பட்டது. சாதிவழி இழிவும் அதனை அடிப்போர் மேல் சுமத்தப்பட்டது. அவ்விழிவை மறுத்து இளந்தலைமுறை அக்கருவியை விட்டு விலகியபோது, அது மரபின் வீழ்ச்சி என்று மட்டும் கூறுவோர் அவ்விலகலின் நியாயத்தைக் காணத் தவறுகின்றனர்.

இவ்வாறு கூறுவதனால் பதிவிசை எத்தீங்கும் செய்யவில்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஒப்பாரியின் அடி, பாடுபவளின் மூச்சளவில் நீளும். உறவுமுறை ஒவ்வொன்றாய்ச் சொல்லி அழும்போது அது மேலும் நீளும். திரை மெட்டின் அடி தாளத்தின் அளவில் அறுக்கப்படும். ஒப்பாரிச் சொற்கள் திரை மெட்டில் ஏறும்போது அந்நீட்சி குறைந்து, துயரம் சமமான துண்டுகளாய் வெட்டப்படுதல் கூடும். மெட்டுக் கடன் மேடைப் பாட்டுக்கு வலுச் சேர்த்தது. இரங்கற் பாட்டுக்கு அவ்வாறு சேர்க்கவில்லை. ஆகவே கடன் வாங்கியதா அன்றா என்பதைக் கொண்டு ஒரு பாட்டை மதித்தல் தவறு. வாங்கிய மெட்டு அப்பாட்டின் பொருளுக்கு இடந்தருகின்றதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

ஒலிநாடாவும் ஆய்வின் கடமையும்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ஒலிநாடாப் பேழை, 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் இலங்கையில் எளிதிற் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் அன்னக்கிளி திரைப்படம் வெளிவந்திருந்தது. அதனுடன் தொடங்கிய இளையராஜாவின் இசையில் தென் தமிழ்நாட்டுக் கிராமத்து மெட்டுகள் பல்லியத்தின் துணையோடு புது வடிவம் பெற்றன. மலையகத்தாரின் முன்னோரிற் கணிசமானோர் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பாட்டியின் வாயிற் கேட்ட ஓசையின் சாயலைக் கசெற்றில் பேரனும் கேட்டான். நாட்டார் இசையை அழித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட திரையிசையே அவ்வோசையை மீட்டும் கொணர்ந்தது. மரபு நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை என்பதற்கு இது சான்று.

ஒலிநாடாவின் தனிச் சிறப்பு வேறொன்று. கிராமபோனும் வானொலியும் ஒருவழிக் கருவிகள். கசெற் கருவியோ கேட்பவனைப் பதிபவனாகவும் ஆக்கியது. முதன்முறையாகத் தோட்டத்து மக்கள் தம் குரலைத் தாமே கேட்கும் வாய்ப்பு உண்டாயிற்று. இன்று அவ்வாய்ப்பு கைத்தொலைபேசி வடிவில் லயங்கள் எங்கும் பரந்துள்ளது.

ஆய்வுலகம் இவ்வாய்ப்பை எவ்வாறு பயன்படுத்தியது? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்களை வெளிக்கொணர்ந்து, பேராதனையிற் கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். மலையகப் பாடல்களைப் பொறுத்தவரை, மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாகியது. சாரல் நாடன் முதலியோரும் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தனர். இவர்தம் பணி இன்றேல் நமக்கு இன்று அப்பாடல்கள் எஞ்சியிரா. எனினும் நாட்டார் பாடற் பதிப்புகள் பெரும்பாலும் சொல்லையே தருவன. மெட்டும் தாளமும் குரலின் ஏற்ற இறக்கமும் தாளில் ஏறுவதில்லை. அதனால் நாட்டார் பாட்டு வாசித்தற்குரிய இலக்கியமாகவும், பதிவிசை கேட்டற்குரிய கேளிக்கையாகவும் இருவேறு துறைகளாய்ப் பிரிந்துவிட்டன. மக்கள் வாழ்வில் இரண்டும் ஒரே செவியில் இருந்தன என்பது மறக்கப்பட்டது.

ஆகவே இத்துறையிற் புகும் மாணவர்க்கு மூன்று செயல்களை முன்வைக்கின்றோம். முதலாவது, பாடலை அதன் சூழலோடும் முழு நீளத்தோடும் ஒலியாகப் பதிதல். ஒப்பாரி போன்றவற்றில் பாடுபவரின் நம்பிக்கையை மதித்து, அவர் உடன்படும் இடத்திலும் நேரத்திலுமே பதிதல் வேண்டும். இரண்டாவது, திரை மெட்டிற் பாடப்பட்ட பாட்டைத் தூயதன்று எனக் கருதித் தொகுப்பினின்றும் நீக்காதிருத்தல். எம்மெட்டு, எப்போது, எதன் வழிக் கேட்கப்பட்டது என்னும் குறிப்போடு அதனைச் சேர்த்தல் வேண்டும். மூன்றாவது, முதியோரிடம் பாடச் சொல்லிக் கேட்பதோடு அமையாது, அவர்கள் கேட்ட தட்டுகள், விரும்பிய நிகழ்ச்சிகள், நினைவில் நிற்கும் அறிவிப்பாளர்கள் ஆகியோரைப் பற்றியும் வினாவுதல். மலையகத்தாரின் கேள்வி வரலாறு அவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது.

மலையகத் தமிழர் இங்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமை 2023இல் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே மக்கள் மீண்டும் நடந்தனர். நூலக நிறுவனம் போன்றவை எழுத்து ஆவணங்களோடு வாய்மொழி வரலாறுகளையும் ஒலியுருவிற் பேணி வருகின்றன. ஆதலின் கருவியும் களஞ்சியமும் இல்லை என இனிக் கூறுதற்கில்லை. இலங்கை வானொலியின் தொடக்க ஆண்டுகளை இளமையிற் கேட்டவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். ஒப்பாரியையும் பாகவதரையும் இந்திப் பாட்டையும் ஒரே செவியில் வைத்திருக்கும் அத்தலைமுறையினரிடம் சென்று கேட்பதற்குக் காலம் அதிகமில்லை.